கப்பல் இன்னொரு முறை வரும் என்றவர்

ஆமாம், கோபால் மாமா பொய்தான் சொன்னார். தெரிந்தே சொன்னார். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது குறையாகவும் படாது.

செய்தி வந்தபோது ஃபிஜித் தலைநகர் சுவாவில், என் சமபுலா வீட்டின் வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே சாலையில் ஒரு ராணுவ லாரி. ஆறு ஆண்டுகளில் இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்பு. யாரும் அதை நின்று பார்க்கக்கூட இல்லை. தொலைபேசியில் பொன்னி சித்தி.

"அண்ணன் போய்ட்டாரு, புள்ளே. டீ கேட்டாரு. போட்டு எடுத்தாரதுக்குள்ளே."

கோபால் மாமா, எங்கள் ஊரில் பினாங்கு என்று பெயர் கொண்ட சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். எங்கள் பக்கத்து வீடு. ரத்த உறவில்லை, மாமா என்று கூப்பிட்டே உறவானவர். மனைவி சாரதா அத்தை, இரண்டு மகன்கள், தங்கை பொன்னி. சித்திக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் பேசவில்லை. ஆங்கிலம் தெரியாது.

முந்தைய கவிழ்ப்பின்போது எனக்குப் பதினேழு வயது. மலையோரத்து இந்தியர் வீடுகளில் ஆட்கள் புகுந்து கோழிகளையும் பாத்திரங்களையும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மதியங்களில் ஐந்தாறு குடும்பங்கள் மாமா வீட்டில் கூடுவோம். கூட்டமாக இருந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் பழைய விண்வெளிப் படங்கள் போடுவார்கள். கறுப்பு வெள்ளை. தகர ராக்கெட். அதைக் கட்டித் தொங்கவிட்ட நூல்கூடத் தெரியும்.

மாமாதான் படம் சொல்லுவார். பெட்டிக்குப் பக்கத்தில், திரைக்குப் பாதி முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்காருவார். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பார்.

"இந்தக் கண்ணாடிக்காரன் பெரிய விஞ்ஞானி. நம்ம மில்லு கெமிஸ்ட் மாதிரி. எல்லாம் தெரியும், வண்டி பஞ்சரானா மட்டும் ரோட்டுலே நிப்பான்."

"அரே கோபாலு, உன் ராக்கெட்டு கரும்பு ரயிலைவிட லேட்டா கெளம்புதே!" என்று யங்கோனா வேரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மூலையிலிருந்து யாராவது கத்துவார்கள்.

"கரும்பு ரயிலு ரிப்பேரும் நான்தான், இதுவும் நான்தான். பொறுங்கய்யா."

சித்தி முன்வரிசையில் இருப்பாள். வாய் பிளந்து சிரிப்பாள்.

அந்த ஞாயிறு போட்ட படத்தில் பூமி அழியப்போகிறது. ஒரே ஒரு கப்பல். அதில் ஏற ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். உடம்பு சரியில்லாதவர்கள், வயதானவர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

அப்போது மாமா வீட்டுக்கு நியூசிலாந்திலிருந்து காகிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஃபிட்டர் என்பதால் கிடைத்த குடியேற்ற அனுமதி. மனைவி, பிள்ளைகள் போகலாம். தங்கைக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். சித்திக்கு மட்டும் சொல்லியிருக்கவில்லை.

"வெளியே நிக்கறவங்க?" என்று சித்தி கேட்டாள்.

மாமா திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"செங்கா, செங்கா, பயப்படாதே," என்றார். இல்லை என்பதற்கு எங்கள் ஊரில் எல்லா மொழிக்காரரும் சொல்லும் ஃபிஜிச் சொல் அது. "கப்பலு இவங்களை எறக்கிட்டு இன்னொரு தடவை வரும். எல்லாரையும் ஏத்திக்கும்."

நான் ஆங்கிலத்தில் வகுப்பில் முதலாவது. சுவாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லே மாமா. திரும்பி வராதுன்னு சொல்றாங்க. எடம் இல்லே, விட்டுட்டுப் போறாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரையும் பார்த்து, "புள்ளே சொல்றது சரிதான். என் இங்கிலீஷு அரைகுறை," என்றார்.

அது தன் கதையென்று புரிந்தவளாக, படம் முடியுமுன் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வலிப்பு மாத்திரை சாப்பிடவில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. தண்ணீர்க் குழாயடியில் விழுந்து கிடந்தாள். சிமென்டில் நெற்றி பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே மாமா அத்தையிடம் சொன்னார்: "நீயும் புள்ளைங்களும் போங்க. நான் இருக்கேன்."

அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "படிச்ச வாயாலே என் வீட்டை ரெண்டா வெட்டிட்டே," என்றாள். நான் வாயை மூடியிருந்தால் ஒரு குடும்பம் சேர்ந்தே போயிருக்கும். ஒருத்தி தனியாக நின்றிருப்பாள்.

அத்தையும் மகன்களும் போனார்கள். பிறகு ஆறு வருடம். விடுமுறைக்கு ஊர் போனபோது ஒருமுறை ஆக்லாந்திலிருந்து மகன்கள் பேசினார்கள். மாமா போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். பையன்களின் ஆங்கிலம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. ரக்பி, வேலை, குளிர். "அப்பா, எப்போ வர்றீங்க?" என்றுகூடக் கேட்கவில்லை.

மாமா சித்தியின் பக்கம் திரும்பினார். "உன்னைத்தான் கேக்கறாங்க. அத்தை சாப்பிட்டாங்களா, மாத்திரை சாப்பிடறாங்களான்னு."

என்னைப் பார்த்தார். இந்த முறை நான் தரையைப் பார்த்தேன்.

சாவுக்கு நான் ஊருக்குப் போனேன். மகன்கள் வந்தார்கள். சாரதா அத்தை வரவில்லை. சிதைக்குத் தீ வைத்தார்கள், ஐந்தாம் நாள் திரும்பிப் போனார்கள். நிலத்தின் குத்தகை முடிந்து வெகுநாளாகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போயிருக்கிறது. சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"போன்லே அவங்க என்னைப் பத்திக் கேட்டதே இல்லேல்லே?"

நான் ஒரு கிண்ணத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும், புள்ளே. பொன்னிங்கிறது இங்கிலீஷ்லேயும் பொன்னிதானே? அத்தைன்னாவது சொல்ல மாட்டானுங்களா? அந்தப் பேரு ஒரு தடவைகூட வரலே." தட்டைத் துடைத்து அடுக்கினாள். "ஆனா அண்ணன் நல்லா சொல்லுவாரு. அதுக்காகவே என்ன சொன்னானுங்கன்னு கேப்பேன்."

மொழிபெயர்ப்பு பற்றிப் பல்கலைக்கழகத்தில் நிறையப் படித்திருக்கிறேன். சரி, தவறு என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கோபால் மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வேறு. தெரிந்த ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது, எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போது பார்க்கிறேன். சில சமயம் சொல்கிறேன். சில சமயம் இல்லை. எது சரி என்று ஒவ்வொரு முறையும் தெரிவதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்திய கருமாதி முடிந்த மறுநாள் காலை சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கினேன். பிறகு இரண்டு பேரும் சுவா பஸ்ஸில் ஏறினோம்.