வெயிலுக்குக் கத்திய தகரம்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து வரும். கணக்கு வரும். இங்கிலீஷில் எண்ணும் நாலைந்து எழுத்தும் தெரியும். றேடியோச் சாமான்களின் தலையில் எழுதியிருப்பதும் அவ்வளவுதான்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் நான் றேடியோ திருத்தும் மேசை இருந்தது. கரண்ட் இல்லை. ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோலைக் கரியில் காய்ச்சுவேன்.

எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுச் சாமான் வரத் தொடங்கியது. ஒரே வேலைக்கு நாலு வகை ட்ரான்சிஸ்டர். விலை கிழமைக்குக் கிழமை மாறும். எதை வாங்குவது என்று தெரியாமல் ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். நான் நெருப்புப் பெட்டி சேர்த்தேன். ஒரு பெட்டிக்குள் ஒரு வகை. மேலே அதன் எண். முதுகில் வவுனியா விலை, யாழ்ப்பாண விலை. பக்கவாட்டில் குணம், ஒரு சொல்லில்: இரைச்சல், நல்ல குரல், கால் முறியும். எல்லாம் பென்சிலால்தான். அழிக்க வேண்டி வரும்.

விலையைக் கொண்டுவருவது யாழ்ப்பாண பஸ் கண்டக்டர். காலையில் சாமானின் எண் எழுதிய கடதாசித் துண்டு கொடுப்பேன். பின்னேரம் அதே துண்டில் கடைக்காரர் விலை எழுதி அனுப்புவார். சாமான் வாங்கச் சொல்வது அபூர்வம். மூன்று கிழமை விலையைப் பார்த்து, இறங்கினால் வாங்குவேன், ஏறினால் காத்திருப்பேன். இந்த முறையில் நான் நட்டப்பட்டதில்லை. ஊராருடைய றேடியோக்கள்தான் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தன.

ஒரு சிறுபோகத்தில், கோடை நெல் நிற்கும் காலம், ஒரு அக்கா வந்தார். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் போகும் வாய்க்காலின் கடைசியில் அவருக்கு ஒரு ஏக்கர் வயல். கணவர் இல்லை. பகலில் பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கக் கூலிக்குப் போவார்.

அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் முறைப்படி வரும். எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது முறைக்காரர் தன் மடைவாயில் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் பங்கிடும் விதானையார் அந்த முறையை மேல்காணிக்கு, வாய்க்காலில் மேலே இருக்கும் வயலுக்கு, கொடுத்துவிடுவார். போன முறை அக்கா களையில் நின்றார். தண்ணீர் மேல்காணிக்குப் போனது. நெல் இப்போது குடலை, கதிர் வெளிவரப் போகும் பருவம். இந்த முறையும் தவறினால் எல்லாம் அரிசி பிடிக்காத சப்பி.

"தம்பி, தண்ணி வந்தா கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்க ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலும்" என்றேன்.

கடினமில்லை. வாய்க்காலில் இரண்டு கம்பி நுனி. தண்ணீர் தொட்டால் ட்ரான்சிஸ்டர் விழிக்கும், பழைய றேடியோ ஸ்பீக்கர் பற்றரியில் கத்தும். அதை மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் வைத்தால் அரை மைலுக்குக் கேட்கும். ட்ரான்சிஸ்டர்தான் கேள்வி. புது வகை ஒன்று இருந்தது, சிலிக்கன் என்பார்கள். அது அந்தக் கிழமை மூன்று ரூபாயிலிருந்து ஆறுக்கு ஏறியிருந்தது. ஏறினால் நான் வாங்குவதில்லை. பழைய றேடியோக்களில் கழற்றிய ஜெர்மானியம் வகை ஒரு பெட்டி நிறைய இருந்தது. பெட்டியில் "நல்ல குரல்" என்று எழுதியிருந்தேன். அதைப் போட்டேன்.

முறைக் கிழமை தொடங்கியது. முதல் நாள் மத்தியானம் தகரம் கத்தியது. அக்கா மிளகாய்த் தோட்டத்திலிருந்து ஓடினார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பின்னேரம் தானாக அடங்கியது. இரண்டாம் நாளும் அப்படியே, இரண்டு தடவை. மேல்காணிக்காரர் மருதமரத்தடியில் படுத்திருந்து பார்த்தாராம். "பிள்ளை, உன்ர தகரத்துக்குத் தாகம் போலை. ஒரு செம்பு தண்ணி வார்" என்றாராம்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கோபிக்கவில்லை. இறக்கி வைத்தார்.

"தம்பி, இது தண்ணிக்குக் கத்தல. வெயிலுக்குக் கத்துது. வெயிலு வந்தா எனக்கே தெரியுங்க."

நான் பற்றாசுக்கோலைக் கரியிலிருந்து எடுத்து ட்ரான்சிஸ்டருக்குக் கிட்டப் பிடித்தேன். தொடவில்லை. தகரம் வீரிட்டது. சைக்கிள் கடைக்காரர் டியூபைப் போட்டுவிட்டு வந்தார். கோலை விலக்கினேன், அடங்கியது. திரும்பப் பிடித்தேன், திரும்பக் கத்தியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியைப் பார்த்தேன். விலை இருந்தது. குரல் இருந்தது. சூடு தாங்குமா என்று நான் எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. றேடியோ வீட்டுக்குள் அலுமாரிக்கு மேல் இருக்கும் சாமான். தகரம் வெயிலில் கம்பத்தில் நிற்கும் சாமான்.

அடுத்த பஸ்ஸுக்குத் துண்டோடு காசும் கொடுத்தேன். பின்னேரம் கண்டக்டர் ஒரு சிகரெட் தாளில் சுற்றிச் சிலிக்கன் இரண்டு கொண்டுவந்தார். விலை ஏழு. ஏறிய விலைக்கு நான் வாங்கி அவர் கண்டதில்லை.

"அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ?"

"ஓம்" என்றேன். அன்றிரவே சிலிக்கனைத் தகரத்தில் போட்டுக் கோலைக் கிட்டப் பிடித்தேன், கத்தவில்லை.

நாலாம் நாள் மேசையை மூடிவிட்டுச் சைக்கிளில் வயலுக்குப் போனேன். கம்பத்தில் தகரத்தைக் கட்டினேன். அக்காவிடம் இனித் தண்ணீருக்குத்தான் கத்தும் என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. கத்தினால் ஓடுவது, அதுக்குத்தான் கால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் களைக்குப் போனார்.

நிழல் என்று அங்கே இருந்தது அந்த மருதமரம் ஒன்றுதான். மேல்காணிக்காரருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் வெற்றிலை தந்தார். மத்தியானம் வெயில் சுட்டது. தகரம் வாய் திறக்கவில்லை.

"இண்டைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு" என்றார்.

நான் வெற்றிலையை மென்றேன்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். தகரம் கத்தியது. எழுந்து பார்க்கவேண்டும் போல் இருந்தது. மேல்காணிக்காரர் தலைக்குக் கீழே துவாயைச் சரிசெய்தார்.

"இப்பதான் சூடு ஏறியிருக்கு. நீயும் படு தம்பி."

தகரத்தில் சாமானை மாற்றியது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. சொன்னபடி படுத்தேன்.

வரம்பில் அக்கா ஓடுவது தெரிந்தது, தோளில் மண்வெட்டி. அவர் தன் மடைவாயை வெட்டிவிட்டு நிமிர்ந்த பிறகுதான் விதானையாரின் சைக்கிள் வாய்க்கால் கரையில் வந்தது. ஆளைப் பார்த்தார், கொப்பியில் குறித்தார், போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் மேல்காணிக்காரர் எழும்பினார். வாய்க்காலைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் படுக்கச் சொன்னனீங்கள்" என்றேன்.

அன்று பொழுதுபடும் வரை தண்ணீர் ஓடியது. கடைசிப் பாத்தி வரை நனைந்தது.

மறுநாள் நெருப்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் கொட்டி வைத்து, ஒவ்வொரு சாமானையும் கோலுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "வெயில் தாங்கும்", "தாங்காது" என்று எழுதினேன். இந்த முறை பேனையால்.

பாதியில் அக்கா வந்தார். முன்னம் போட்ட சாமான் எங்கே என்று கேட்டார். தாங்காது பெட்டியில் கிடந்தது. காட்டினேன்.

"அதையும் ஒரு தகரத்துல போட்டுக் குடுங்க தம்பி. அடுத்த முறை வரைக்கும் அது வெயிலுக்குக் கத்தட்டும். அந்த மேல்காணி ஐயா நிம்மதியாப் படுத்திருப்பாரு."

போட்டுக் கொடுத்தேன். விலை கேட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அது அந்தக் கிழமை இறங்கியிருந்தது. சும்மா கொண்டுபோங்கோ என்றேன்.