நாலு விரல் இடைவெளி

கட்டிட வேலைக்கு மதிப்பீடு எழுதும்போது மொத்தத் தொகைக்கு மேல் வரியில் 'எதிர்பாராச் செலவு, நூற்றுக்குப் பத்து' என்று எழுதுவது வழக்கம். வடகரையில் ஒரு சிறிய நகரசபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் நான் அந்த வரியை இருபது வருடமாக எழுதி வருகிறேன். ஒரு நாளும் யோசித்து எழுதியதில்லை. எதிர்பாராதது நூற்றுக்குப் பத்துத்தான் வரும் என்று எதிர்பார்த்த புத்திசாலி யார் என்று கேட்கத் தோன்றியது, எங்கள் தீயணைப்பு நிலையத்தைத் திருத்தப் போன வருடத்தில்தான்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தீயணைப்பு வாகனம் நிற்க ஒரு கொட்டகை, ஆட்கள் இருக்க ஒரு அறை, பக்கத்தில் ஒரு கிணறு. மதில் எப்போதோ விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கோழிக்கம்பி அடித்திருந்தார்கள். கிணற்றுக்கும் றோட்டுக்கும் இடையில் அந்தக் கம்பியைத் தவிர வேறு மறைப்பு இல்லை.

குப்பைமேட்டு நெருப்பு, பனையோலை வேலி நெருப்பு என்று போய்விட்டு வருகிற ஆறு பேரும் தலை முதல் கால் வரை கரியாக வருவார்கள். அந்தக் கிணற்றடியில்தான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று குளிப்பார்கள். சந்தை முடிந்து போகிற மீன்காரப் பெண்கள் கம்பியோடு நின்று, "அண்ணை, முதுகிலை இன்னும் கிடக்கு, நல்லாத் தேயுங்கோ" என்று பகிடி விட்டுவிட்டுப் போவார்கள். இளையவர்கள் சிரிப்பார்கள். பொறுப்பாளர் சிரிக்க மாட்டார்.

பொறுப்பாளர் தொண்டைமானாற்றுக்காரர். தகப்பனும் பாட்டனும் கடலோடிகள். இவர் மட்டும் கரையில் நின்று நெருப்போடு மல்லுக்கட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நான் அண்ணை என்பேன், அவர் மிஸ் என்பார். மதிப்பீட்டுக்காக அளக்கப் போன அன்று பின்னால் பின்னால் வந்துகொண்டிருந்தார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"மிஸ், மற்றதெல்லாம் நீங்கள் பாத்துச் செய்யுங்கோ. ஒரு குளியலறை மட்டும் போட்டுத் தாங்கோ. நாலு மணிக்கு உந்த றோட்டாலைதான் ரியூசன் பிள்ளையள் போறது. என்ரை மகளும் போனவள். இப்ப போறேல்லை."

"ஏன், ரியூசனை விட்டிட்டாவோ?"

"இல்லை. சந்தைப் பக்கத்தாலை சுத்திப் போறாள். அப்பா குளிக்கிறதைச் சிநேகிதியள் பாத்துச் சிரிக்கினமாம்."

சொல்லிவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அதற்குள் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றே குளியலறையை மதிப்பீட்டில் சேர்த்தேன். வெள்ளை மாபிள் பதித்த சுவர், தலைக்கு மேலிருந்து கொட்டும் சவர் இரண்டு, துவாய் தொங்கவிடக் கொளுக்கி என்று கை தாராளமாக எழுதியது. கடைசி வேலையாக எழுதினேன். அது நான் விட்ட முதற்பிழை. கடைசியில் நிற்பதுதான் முதலில் வெட்டுப்படும் என்பது கூடத் தெரியாமல் இருபது வருடம் சம்பளம் எடுத்திருக்கிறேன்.

முதலில் கூரை. பத்து ஓடு மாற்றினால் போதும் என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்து எழுதியிருந்தேன். வேலைக்கு வந்த மேசன் மேலே ஏறி, ஓடுகளைத் தாங்கும் கைமரத்தில் உளியைத் தட்டினார். உளி பிடிவரை இறங்கியது. வெளியே மரம், உள்ளே முழுக்கக் கறையான் மண். "பிள்ளை, உது இவ்வளவு நாளும் பழக்கத்திலைதான் நிண்டிருக்கு" என்றார் மேசன். கைமரம் முழுவதும் புதிதாகப் போட்டோம். குளியலறையின் வெள்ளை மாபிள் போனது.

அடுத்தது வயரிங். நிலையத்து அவசர மணி ஏன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அடிப்பதில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. வெயில் தாழ்ந்தால் அது களைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மின்வேலைக்காரர் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மதில் இருந்த இடத்தைத் தாண்டி, வாகைமரத்தில் ஏறி இறங்கி, பக்கத்துப் பொது நூலகத்துக்குள் போனது. நூலகர் ஆறு மணிக்கு மெயினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் எங்கள் மணியும் கூடவே ஓய்வுக்குப் போயிருக்கிறது. புது இணைப்பு, புது வயர், புது மணி. குளியலறையில் இரண்டு சவர் ஒன்றானது. பிறகு அந்த ஒன்றும் வெறும் குழாயானது.

மூன்றாவது நிலம். கொட்டகையின் வெடித்த நிலத்தைக் கிளறியபோது ஒரு மூலை உள்ளே இறங்கியது. கீழே ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் பனங்குற்றிகளை அடுக்கிச் சீமெந்து பூசி, அதன்மேல்தான் தண்ணீர் நிரப்பிய வாகனத்தை இத்தனை வருடமும் நிறுத்தியிருக்கிறார்கள். சாரதி எட்டிப் பார்த்தார். போய்க் கதிரையில் இருந்துகொண்டு ஒரு தேத்தண்ணி கேட்டார். தொட்டியைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினோம். துவாய்க் கொளுக்கியும் போனது. மிஞ்சியது நாலு சுவர், ஒரு கதவு, மேலே ஒரு தகடு.

ஒவ்வொரு முறையும் பொறுப்பாளரிடம் போய், "அண்ணை, கொஞ்சம் குறையும்" என்பேன். "ஓம் மிஸ், கதவு இருக்குந்தானே?" என்பார். வேறொன்றும் கேட்க மாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஆனால் சண்டைக்கு ஆள் வேண்டுமே.

தொட்டியை நிரப்பி முடிந்ததும் மேசன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எடுத்த கையோடை நிலத்தை முக்கால் அடி உயர்த்திவிடுவம் பிள்ளை. இனி ஒருக்கா றோட்டுப் போட்டால் மாரி வெள்ளம் முழுக்க உள்ளுக்கைதான்."

இதற்கு மறுப்புச் சொல்கிற யாழ்ப்பாணத்தார் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் எங்கள் றோட்டுகள் வளரும். அவை வளர வளர நாங்கள் வீடுகளின் நிலத்தை உயர்த்துவோம். எங்கள் வீட்டில் மூன்று முறை உயர்த்தியாகிவிட்டது. திண்ணைக் குந்தில் இருந்தால் முன்பு தொங்கிய கால் இப்போது நிலத்தில் முட்டுகிறது. உயர்த்தாமல் வீடு திருத்தினால் அது திருத்தமே இல்லை. நானும் யோசிக்காமல் ஓம் என்றேன்.

ஆனால் நான் முட்டாள் இல்லை. வாகனத்தை முற்றத்தில் நிறுத்தி, ஏணியில் ஏறி, மேலே சுழல்விளக்கு வரை நாடா பிடித்து அளந்தேன். வாசலுக்கு மேலே குறுக்கே கிடக்கும் லின்ரலின் உயரத்தையும் அளந்தேன். முக்கால் அடி உயர்த்தினாலும் இடையில் நாலு விரல் மிஞ்சும். இரண்டு முறை அளந்தேன். நிலம் போட்டுக் காய்ந்து, றோட்டுக்குச் சரிவும் போட்டு, வாகனம் உள்ளே போனபோது நாலு விரல் சொன்னபடியே மிஞ்சியது. பெருமையோடு நானும் மேசனும் ஆளுக்கொரு சோடா குடித்தோம்.

அடுத்த நாள் குப்பைமேடு தீப்பற்றியது. வாகனம் மணி அடித்துக்கொண்டு பறந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தது. சாரதி வழக்கம்போல் உள்ளே விட்டார். டமார் என்று ஒரு சத்தம். சுழல்விளக்கு நாலு துண்டாக நிலத்தில் கிடந்தது. லின்ரலில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

நான் அளந்தபோது வாகனத்தின் தொட்டி நிறைந்திருந்தது. அவ்வளவு தண்ணீரும் அமுக்கும்போது வாகனம் பதிந்து நிற்கும். இறக்கிவிட்டால் அஞ்சு விரல் எழும்பும். சாரதிக்கு இது முன்பே தெரியும். "நீங்கள் கேக்கேல்லையே மிஸ்" என்றார். எங்கள் தீயணைப்பு வாகனம் இப்போது வெளியே போகும், உள்ளே வராது.

நகரசபைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். எதிர்பாராச் செலவில் மிஞ்சியதையும் குளியலறைக் காசையும் சேர்த்தால் லின்ரலை உடைத்து உயர்த்தலாம். புது நிலத்தை உடைப்பதென்றால் அதைவிடக் கூடச் செலவாகும். டிசம்பர் முடிந்தால் காசு திரும்பிப் போய்விடும். "ஒண்டுதான் செய்யலாம் மிஸ். எதெண்டு எழுதித் தாங்கோ. பொறுப்பாளரும் கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

நான் எழுதினேன். 'கட்டிடம் பழமையானதால் லின்ரல் தாழ்ந்துள்ளது. உடைத்து உயர்த்த வேண்டும். குளியலறை வேலை கைவிடப்படுகிறது.' ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் பிழையை ஒரு கிழட்டுக் கட்டிடத்தின் தலையில் கட்டிவிட்டு, அந்த மனிதரின் கதவையும் பறித்துக்கொண்டு போய் அவரிடமே கையெழுத்துக் கேட்டேன்.

அவர் கிணற்றடியில் நின்றார். கையைத் துடைத்துவிட்டுக் கடதாசியை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் மெதுவாகப் படித்தார்.

"லின்ரல் தாழ்ந்ததோ மிஸ், நிலம் உயர்ந்ததோ?"

"நிலந்தான் அண்ணை. நான்தான் பிழையா அளந்தனான்" என்றேன்.

"அப்ப லின்ரலை ஏன் உடைப்பான்? வாகனத்தை வெறும் தொட்டியோடை உள்ளுக்கை விடக்கூடாதெண்டு எங்கடை சட்டப் புத்தகத்திலை கிடக்கு. உவங்கள் களைச்சு வந்தால் நாளைக்கு நிரப்புவம் எண்டு விட்டிட்டுப் போறது. நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு. இனி உவங்கள் நிரப்பாமல் உள்ளுக்கை கொண்டு வரட்டும் பாப்பம்." லின்ரலை அண்ணாந்து பார்த்தார். "உது கிடக்கட்டும் மிஸ். எனக்குக் கதவைத் தாங்கோ."

கடதாசியைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'நிலத்தை உயர்த்தியதில் எனது அளவு பிழைத்தது. லின்ரலை மாற்றத் தேவையில்லை. குளியலறை கட்டப்படும்.' செயலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, இப்படியொரு கடதாசியைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றார். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. சுழல்விளக்குக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். கையைக் கடித்ததுதான், ஆனால் நியாயம்.

டிசம்பர் முடிய மூன்று நாள் இருக்கையில் குளியலறை வேலை முடிந்தது. ஆறு பேரும் சேர்ந்து அதற்குக் குடிபூரல் வைத்தார்கள். வாசலில் மாவிலை கட்டிப் பால் காய்ச்சினார்கள். மேசன் பழக்க தோசத்தில் அதன் நிலத்தையும் அரை அடி உயர்த்தியிருந்தார். பொறுப்பாளர் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்தக் கீறலைப் பூச அங்கே நின்றேன். ஒரு வேலி நெருப்பிலிருந்து வாகனம் திரும்பி வந்தது. சாரதி வாசலில் நிறுத்திக் கிணற்றில் குழாயைப் போட்டார். வாகனம் அங்குலம் அங்குலமாகப் பதிந்தது. பொறுப்பாளர் குளித்துவிட்டு, சீப்பால் தலை இழுத்து, தோய்த்துக் காய்ந்த சேட்டோடு லின்ரலுக்குக் கீழே வந்து நின்றார். நேரம் நாலு மணி. றோட்டில் ரியூசன் பிள்ளைகளின் சைக்கிள்கள் வந்தன. நடுவில் வந்த ஒருத்தி மணியை அடித்தாள்.

"அப்பா!"

அவர் கையைத் தூக்கினார். சைக்கிள்கள் நூலகத் திருப்பத்தில் மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை. நான் கரண்டியைச் சீமெந்து வாளியில் போட்டேன். அந்தக் கீறலைப் பூசவில்லை, இன்றுவரைக்கும்.