டிவியைப் பார்த்துக் கை தூக்கியவள்

மானாம்பதிக்குப் பக்கத்தில், எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. பதிலுக்குச் சுவரில் ஒரு டிவி இருந்தது; அதில் ஒரு அம்மா பாடம் நடத்துவார். ஆள் வேண்டாம், பாடம் வந்தால் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. பாடம் ஓடும்போது தமிழ் டீச்சர் சசிரேகா வந்து உட்காருவார். சந்தேகம் கேட்டால், "என்னக் கேக்காதம்மா, நானே கணக்குக்குப் பயந்து தமிழ் எடுத்தவ" என்பார்.

என்னோடு படித்த பிரிஸ்கில்லாவுக்குக் கேட்காமல் இருக்க வராது. கண்டக்டர், கடைக்காரர், பாஸ்டர் யாரையும் விடமாட்டாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அதற்குப் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு வேண்டும். கணக்கில் நல்ல மார்க் இல்லாமல் அது கிடைக்காது. முதல் நாள் டிவியைப் பார்த்தே கை தூக்கிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"இன்னா புள்ள, அந்தம்மாவுக்கு ஒன் கை தெரியுதா?" என்றான் ஜெகன்.

"பழக்கம்டா" என்று கையை இறக்கினாள்.

அந்தப் பாடமும் முழுதாக ஓடாது. பள்ளிக்குப் பின்னால் நிலக்காரர் வேதாசலத்தின் கிணறு. இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அவர் மோட்டார் போட்டால் டிவி அணைந்துவிடும். முக்கோணவியல் தொடங்கியதும் பிரிஸ்கில்லா பொறுக்க முடியாமல் அவர் கழனிக்கே போனாள். அவள் அம்மா பாக்கியமேரி அங்கேதான் நடவு நட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, கணக்குப் பாடம் முடியற வரிக்கும் மோட்டார் போடாம இருக்கீங்களா?"

பாக்கியமேரி சேற்றுக் கையோடு ஓடிவந்தார். "தெரியாம பேசுது ஐயா. ஏய், யார்கிட்ட பேசிக்கினு கீற?"

வேதாசலம் சிரித்தார். "படிக்கத்தான கேக்குது, வுடு. நாளிக்கு பாடம் முடிஞ்சப்புறம் போடறேன். ஆனா தண்ணி ஏறாம நடவு நிக்கும், கூலி போவும். ஒங்கம்மாவுக்குத்தான் பேஜாரு, பாத்துக்க."

மறுநாள் டிவி ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்ணீர் ஏறாத கழனியின் வரப்பில் பாக்கியமேரியும் மற்றப் பெண்களும் நாற்றுமுடியோடு காத்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. திரையில் ஒரு முக்கோணம். எதிர்ப்பக்கம் என்று சொன்ன கோட்டையே அந்தம்மா அடுத்த கணக்கில் அடுத்துள்ள பக்கம் என்றார். பிரிஸ்கில்லா கை தூக்கினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அந்த இடம்தான் புரியவில்லை.

"புரிந்ததா மாணவர்களே?" என்றது டிவி.

"புரியல!" என்று கத்தினாள்.

"மிக நன்று. அடுத்த கணக்குக்குப் போவோம்."

அவள் சசிரேகா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். பிரிஸ்கில்லா எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"மோட்டார் போடச் சொல்லிட்டு வரேன் டீச்சர். அங்கயாவது வேல நடக்கட்டும்."