இரண்டு தரம் மணியடித்து வெட்டினால்

ஸ்ரனிஸ்லாஸ் பயந்தாங்கொள்ளி. அதை அவரே ஒப்புக்கொள்வார். அவருடைய இளவயதில் யாழ்ப்பாணத்தில் வோக்கிடோக்கியோடு பிடிபட்டவர்கள் வீடு திரும்பவில்லை. எண்பத்தைந்தில் ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர், ஐம்பது வயதுக்குமேல் சோதனை எழுதி பொழுதுபோக்கு இருவழி வானொலியில் பேச அனுமதிப் பத்திரம் எடுத்தார். எடுத்தென்ன? அதன் நகலைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிந்தார். யாரும் கேட்டதில்லை.

ஜூலை வெள்ளத்தன்று, அவர் வேலை செய்த திருகாணித் தொழிற்சாலைக்கு முன்னால் இருந்த பாலம் கண்ணெதிரே இடிந்து விழுந்தது. வீடு அக்கரையில், கார் ஓட்டம் கால் மணிநேரம். பேருந்து ஓடாததால் மனைவி கலாதேவி கூட்டிப்போக வருவதாக இருந்தது. அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு தரம் மணியடித்து வெட்டுவார். கலாதேவி அதை எடுக்காமலே காரில் கிளம்பிவிடுவார். அகதி முகாமில் இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். மணி வராவிட்டாலும் ஐந்துக்குப் புறப்படுவேன் என்று கலாதேவி காலையிலேயே சொல்லியிருந்தார்.

மணி நாலே முக்கால். கைத்தொலைபேசி பற்றரி இறங்கிச் செத்துக் கிடந்தது. பாலமோ ஒரு திருப்பத்தை ஒட்டி இருந்தது. திரும்பும்வரை அது இல்லாதது தெரியாது.

கையில் அந்தச் சிறு இருவழி வானொலி மட்டும் இருந்தது. அதன் ஒலியை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் வானொலிச் சங்கத்து ரிப்பீட்டர் மலைமேல் இன்னும் உயிரோடிருந்தது. அவசரத்துக்கு அதில் ஒரு தொலைபேசி இணைப்பும் உண்டு. நட்சத்திரக் குறி, ஏழு, பிறகு எண். வெட்ட, ஹாஷ் குறி. வீட்டு எண்ணை அழுத்தினார். மணி அடித்தது.

இரண்டாவது மணியில் நினைவு வந்தது. பத்திரத்தில் தந்த தன் அழைப்புக் குறியை முதலில் சொல்வது விதி. சொல்லவில்லை! பத்திரத்தைப் பிடுங்கிவிடுவார்களோ? ஊர் மூழ்குகிறது, இந்த மனிதருக்குப் பத்திரக் கவலை. ஹாஷை அழுத்தி வெட்டினார். குறியை ஒழுங்காகச் சொன்னார். மறு அழைப்பை ஏற்க ரிப்பீட்டர் இரண்டு நிமிடம் எடுத்தது. இம்முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. இரண்டு மணி, பிறகு வெட்டு.

கலாதேவியின் கைத்தொலைபேசி எண்ணைப் பணப்பைச் சீட்டொன்றில் தேடி எடுத்து அழுத்தினார். ஓர் இலக்கம் பிசகியது. மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. மறுபடியும். மாதாவே, மாதாவே என்று வாய் புலம்பியது. எத்தனை தரம் அழுத்தினாரோ, கடைசியில் குரல் வந்தது.

"ஹலோ, ஆர்?"

"கலா, காரை நிப்பாட்டும்! பாலம் உடைஞ்சிட்டுது!"

பேச அழுத்திய விசையை விட்டால்தான் மறுபக்கம் கேட்கும். விரல் விடவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். அக்கரைத் திருப்பத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. தண்ணீரை நோக்கி வந்தன. விளிம்புக்கு முன்னால் நின்றன.

விரலை எடுத்தார்.

"நிண்டிட்டனப்பா. நிண்டிட்டன்." கலாதேவி அழுதார். "நீங்கள்தானே மணியடிச்சு வரச் சொன்னனீங்கள்?"

அவர் விசையை அழுத்தி, முதலில் தன் அழைப்புக் குறியைச் சொன்னார்.