புளி போட்டுத் தேய்த்த காசுகள்

லிந்துலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் கணவர் இறந்த பிறகு, வீட்டில் நானும் அவர் சேர்த்த பழைய காசுகளும்தான். காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரிசோதித்து, அவற்றின் தரத்துக்குச் சான்று வாங்கினால் மதிப்புக் கூடும் என்று கனடாவிலிருக்கும் மகள் போனில் சொன்னாள். பளிச்சென்று இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு வெள்ளிக் காசு மட்டும் டப்பாவின் மூலையில் ஒட்டிக்கொண்டு தப்பிவிட்டது.

ஹட்டனில் பழைய காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் கொண்டுபோய், என் கணவர் சேர்த்தவை என்று சொல்லிக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"தேய்ச்சிட்டீங்களாம்மா? தேய்ச்சா காசோட பழைய மேற்பரப்பு போயிடும், அதுக்கு நல்ல தரம் போட மாட்டாங்க. அனுப்புற செலவுதான் வீண்."

தப்பிய காசை விளிம்பில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத அனுப்பலாங்க. ஐயாவுக்கு இது எங்க கெடச்சிச்சு?"

எனக்குத் தெரியவில்லை. என் கணவர் காசுகளைப் பற்றிச் சொல்ல வந்தபோதெல்லாம் "பொறகு சொல்லுங்க" என்று அடுப்படிக்குப் போனவள் நான். திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

விற்கப்போவதில்லை என்பதால் அந்தக் காசை நான் அனுப்பவில்லை. இப்போதெல்லாம் விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் எதையும் தேய்ப்பதில்லை. கணவருடைய பழைய நண்பர்களுக்குப் போன் செய்து, எந்தக் காசு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வைக்கிறேன். அவர்கள் வேறு கதைக்குப் போனாலும் நான் போனை வைப்பதில்லை.