டீச்சருக்கு மாப்பிள்ளை பார்த்த இராக்கம்மா

“மாப்பிள்ளைக்கு எந்த ஊரு தம்பி?” என்று அம்மா கேட்டாள்.

பலீல் மாடுகளுக்குச் சினை ஊசி போட வருபவர். மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பெரிய பிளாஸ்க்கைத் திறந்து, வெண்புகைக்குள் இடுக்கியை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நான் மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்தேன். அம்மா ஒரு கையில் வெந்நீர்த் தம்ளரும் மறு கையில் வெற்றிலைத் தட்டுமாக நின்றாள். மாட்டின் நெற்றியில் ஈரம் காயாத குங்குமம். அம்மாவும் நானும் சேர்ந்து மாட்டுக்குப் போடவைத்த கடைசி ஊசி அது. அன்று அது தெரியாது. சிரித்துக்கொண்டுதான் நின்றோம்.

“வெளிநாட்டு மாப்பிள்ளக்கா. ப்ரீசியன்.”

“நெறம்?”

“கறுப்பு வெள்ள.”

“நல்லம்மா வீட்டு மாட்டுக்குப் போட்டதும் இவருதானா?”

“அவரேதான். நல்ல ராசி. ஒரே ஊசியில நின்னுச்சு.”

அம்மா தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். “அப்ப வேணாம். அந்த மாடும் இதும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க. இவரு இவளுக்கு அக்கா புருசன் மொறையாகுது.”

“அக்கா, இந்தப் பக்கம் பூரா இவருதான் மாப்பிள்ள.”

“பூராவுமா? அப்பேர்ப்பட்ட ஆளு என் வாசலுக்கே வேணாம்.”

பலீல் மறுபடி புகைக்குள் இடுக்கியை விட்டார். அடுத்து வந்த விந்துக் குழாய் ஜெர்சி. மாநிறம், அளவான உடம்பு, பக்கத்தில் எங்கும் சம்பந்தம் கிடையாது என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகே வெந்நீர்த் தம்ளர் அவர் கைக்குப் போனது. உறைந்த குழாயை அதில் இளக்கி, ஊசி போட்டு முடித்ததும் தட்டு நீண்டது. “எடுத்துக்கங்க தம்பி. பொண்ணு வீட்டு மரியாத.” பலீல் வெற்றிலை போடாதவர். எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான்.

அம்மா பெயர் இராக்கம்மா. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். லயத்து வரிசை வீட்டை விட்டு ஏழு பேர்ச் துண்டுக் காணியில் தனி வீடு கிடைத்தபோது மற்றவர்கள் மதில் கட்டினார்கள். அம்மா மாட்டுப்பட்டி கட்டினாள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். பட்டியின் கூரை ஒழுகாது.

மாட்டின் பெயர் டீச்சர். யாராவது சத்தம் போட்டால் அசை போடுவதை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை அவர்களையே பார்க்கும். “படிச்ச பொம்பள பார்வ” என்பாள் அம்மா.

கோபம் வந்தால் அம்மாவின் பேச்சில் மரியாதை கூடிவிடும். பால் வாளி உதைபட்ட காலைகளில், “கால எடுங்க டீச்சரம்மா, ஒங்களுக்குத் தனியாச் சொல்லணுமா?” என்று குரல் வரும். அப்பாவிடம் எந்நேரமும் ‘நீங்க’ என்றே பேசியதால், தன்மேல் கோபமா இல்லையா என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குப் பண்டாரவளையில் நீர்ப்பம்பிகளும் மோட்டார்களும் திருத்தும் வேலை. சனிக்கிழமை வந்து இறங்கியதும் “வாங்க இஞ்சினியரம்மா” என்றால், அந்த வாரம் யாரோ எனக்கு வரன் சொல்லியிருக்கிறார்கள், நான் போனை எடுக்கவில்லை என்று பொருள்.

“ஒனக்குத்தான் பாக்க விடமாட்டேங்கிற. இவளுக்காச்சும் பாக்குறேன்.”

“எனக்கும் பலீல் அண்ணன்கிட்டயே சொல்லி வையும்மா. பிளாஸ்க்குல ஒண்ணு கொண்டாருவாரு.”

அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. டீச்சர் எங்களையே பார்த்தது.

அப்பா வீரய்யாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புல் அறுப்பதும் மேட்டில் சுமந்து வருவதும் அவர். ஜெர்சிக்கு முன் போட்ட மூன்று ஊசியிலும் சினை நிற்கவில்லை. பால் குறைந்துகொண்டே வந்தது. விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் மாட்டுக்குக் காது கேட்கும், விற்கிற பேச்சைப் பட்டிக்குப் பக்கத்தில் பேசக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அந்தப் பேச்சு எப்போதும் கீழே பைப்படியில், குழாயைத் திறந்துவிட்டுத்தான் நடக்கும்.

ஜெர்சி வந்துபோன அன்றும் நடந்தது.

“இதான் கடைசி ஊசி, இராக்கு. நிக்கலேன்னா பசறை யாவாரிய வரச் சொல்லிருவேன்.”

“எனக்குந்தான் ஏழு வருசம் ஒண்ணும் நிக்கல. என்னையத் தள்ளி வச்சிட்டு வேற கட்டுன்னு ஒங்க ஆத்தா நின்னப்ப நீங்க என்னா சொன்னீங்க?”

“பாப்போம்னு சொன்னேன்.”

“அதையே இதுக்குஞ் சொல்லுங்க.”

“அது வேற, இது வேற.”

“என்னா வேற? எனக்குக் கொம்பு இல்ல. அம்புட்டுத்தான்.”

“இல்லேன்னு யாரு சொன்னா?” என்றார் அப்பா.

அம்மா குழாய்த் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தாள். ஈரச் சட்டையோடு மேலே வந்தவர், கடைசி ஊசி என்ற சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன சினையின்போது டீச்சருக்கு வளைகாப்பு நடந்தது. லுணுகலையில் ஜெனீரா என்ற பெண்ணின் கடையில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினாள் அம்மா. “யாருக்கு, கையளவு என்ன?” என்று ஜெனீரா கேட்டிருக்கிறாள். “மாட்டுக்குத்தான்” என்று அம்மா தன் கையை நீட்டியிருக்கிறாள். தன் கையளவும் டீச்சரின் கொம்பளவும் ஒன்று என்பது அவள் கணக்கு. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் ஏறின. பாதிக் கொம்பில் போய் நின்றன. டீச்சர் தலையாட்டும்போதெல்லாம் பட்டி கிலுகிலுத்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் தூணில் உரசி எல்லாவற்றையும் உடைத்துவிட்டது.

“போட்டா கழட்டிர்றா, ஒன்னைய மாதிரியே” என்றாள் அம்மா. ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் வளையல் ஆகாது. அது பாதுகாப்பு விதி. அம்மாவுக்கு அது வெறும் சாக்கு. “ஒன் கையும் என் கையும் ஒரே அளவுடி. வீணாப் போகுது.”

இந்த முறைக்கும் அவள் திட்டம் தயாராக இருந்தது. “நிக்கிதுன்னு பலீல் சொல்ற அன்னைக்கே லுணுகலைக்குப் போயிரணும். ஏழாம் மாசம்னு சும்மா இருந்தா பச்ச கெடைக்காது.”

ஒரு மாதம் கழித்து, காலைப்பால் கறந்து வாளியை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டாள். அன்றைய பாலைப் பக்கத்து வீட்டு நல்லம்மா காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள்.

சினை நிற்காத மாடு மூன்று வாரத்துக்கொரு முறை காளை கேட்டுக் கத்தும். அப்பா பட்டிப் பக்கமே காதை வைத்திருந்தார். டீச்சர் கத்தவில்லை. துக்கத்தில் இருக்கிறது என்றாள் நல்லம்மா. துக்கமென்றால் தீனி குறைந்திருக்குமே என்றேன் நான். பசறை வியாபாரி போனில் கூப்பிட்ட சனிக்கிழமை, நான் வாசலில் இருந்தேன். அப்பா அடித்துக்கொண்டிருந்த போனோடு எழுந்து, பைப்படிக்கு இறங்கி, குழாயைத் திறந்துவிட்டு, அதன்பிறகே பேசினார். ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

“பாப்போம்.”

ஊசி போட்ட மூன்றாம் மாதம் பலீல் வந்தார். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு டீச்சரின் பின்னால் நின்று சோதித்தார். கயிறு என் கையில். அப்பா பட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலீல் முகத்தைத் திருப்பி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தடவினார்.

“நிக்குது,” என்றார். பிறகு, யாரிடமென்று இல்லாமல், “மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்லிர்றேன்.”

அப்பா உள்ளே போனார். டவுனுக்குப் போகிற சட்டையோடு வெளியே வந்தார்.

“எங்கப்பா?”

“லுணுகலைக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“வளகாப்பு ஏழாம் மாசந்தானே?”

“பச்ச கெடைக்காதும்பா ஒங்கம்மா.” கொல்லை வாழையில் ஒரு நார் கிழித்துக்கொண்டு வந்தார். “கைய நீட்டு. அளவு வேணும்.”

நீட்டினேன். அப்பா நாரை என் மணிக்கட்டில் சுற்றப் போனார். மணிக்கட்டு அளவில் வாங்கினால் வளையல் கையில் ஏறாது. நான் கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல்களைக் குவித்துக் காட்டினேன்.