மானேஜர் அழைத்துப்போன பார்பிக்யூ கடைகள்

புரோகிராமர் பிழைப்பில் கம்ப்யூட்டரைக்கூடச் சமாளித்துவிடலாம். மானேஜரோடு மதியம் சாப்பிடப் போவதுதான் பெரும்பாடு. டெக்சஸில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் முட்டைகூடத் தொடாத என்னைப் போன்றவன், ஊரெல்லாம் புகை போட்டு மாட்டுக்கறி வேகவைக்கிற டல்லாஸ் பக்கம் வந்து மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

தொண்ணூற்றெட்டில் டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் ஒரு டெலிகாம் கம்பெனியில் சேர்ந்தேன். என் மானேஜர் பெயர் வேய்ன். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனிதர். வட்டாரத்தின் சிறந்த பார்பிக்யூ கடைகள் அத்தனையும் தனக்கு அத்துப்படி என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை ஆனால் டீமையே வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தகரக் கொட்டகை

முதலில் போனது ஃபோர்ட் வொர்த் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே விறகு மலை மாதிரி அடுக்கியிருந்தது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். ஒருவழியாகக் கவுன்டருக்கு வந்து சேர்ந்தோம். கறி வெட்டுகிறவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி எத்தனை பவுண்டு என்று கேட்டார். கறியே வேண்டாம், ரொட்டியும் ஊறுகாயும் போதும் என்றேன்.

அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே என்மேல் இரக்கப்பட்டார். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். "அப்ப எதுக்குத் தம்பி இவ்வளவு நேரம் லைன்ல நின்னே?"

பீன்ஸ்

என் டீமில் தூத்துக்குடிக்காரன் ஒருவன் இருந்தான், செபாஸ்டின். எதுவும் சாப்பிடுவான், எவ்வளவும் சாப்பிடுவான். ஒரு பழைய பெட்ரோல் பங்கைக் கடையாக மாற்றியிருந்த இடத்தில், எனக்கென்று வேய்ன் ஒரு பெரிய கிண்ணம் பீன்ஸ் வாங்கி வந்து ஆசையாக வைத்தார். பீன்ஸ் சைவம்தானே என்று நானும் ஸ்பூனை எடுத்தேன். செபாஸ்டின் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் ஸ்பூனால் ஒரு கிளறு கிளறினான். அடியிலிருந்து நார் நாராகக் கறி மேலே வந்தது. அன்றிலிருந்து எனக்கு வைப்பதையெல்லாம் அவன் ருசி பார்த்த பிறகுதான் நான் தொடுவேன்.

"அண்ணாச்சி, தொட்டுராதீங்க. உள்ள ஆளு படுத்துக் கெடக்கான்."

லிண்டா

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் டெலிகாம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன. வெள்ளிக்கிழமை வேன் நின்றுபோனது. அதற்குப் பதிலாக வேய்ன் ஒவ்வொருவரையாகத் தன் காரில் அழைத்துப் போக ஆரம்பித்தார். முதலில் போனது லிண்டா, டீமிலேயே சீனியர். வேய்ன் தன் பட்டியலில் முதலிடம் கொடுத்திருந்த கடைக்கு அவளைக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவள் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, மேஜைமேல் இருந்த பிள்ளைகள் போட்டோவை அதற்குள் வைத்தாள். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஒருவரிடம் வேலை போய்விட்டது என்று சொல்ல வேய்னுக்கு வாய் வராது. நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார வைத்தால்தான் வரும். இது எங்களுக்குப் புரிய இன்னும் இரண்டு பேர் போக வேண்டியிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போனவள், என்னிடம் திரும்பிச் சொன்னாள்: "அந்த பிரிஸ்கெட் கறி வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

செபாஸ்டினின் முறை

அவனையும் ஒரு நாள் கூப்பிட்டார். திரும்பி வரும்போது கையில் மிச்சக் கறி கட்டிய ஒரு ஃபாயில் பொட்டலம். தட்டில் மிச்சம் வைத்து நான் அவனைப் பார்த்ததே இல்லை. கம்பெனி எடுத்துக் கொடுத்த விசா, வேலையோடு சேர்ந்து போயிற்று. காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சட்டிபானையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான்.

அடுத்தது நான்தானோ என்று எனக்குப் பயம். என் கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. வேலை போனால் மனுவும் போகும். அது நகர்ந்தால்தான் என் மனைவி கமலா வேலைக்குப் போக முடியும். பொள்ளாச்சியில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவள், மூன்று வருஷமாக அபார்ட்மென்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏர்போர்ட்டில் செபாஸ்டினைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். அவன்தான் எனக்குத் தைரியம் சொன்னான்: "ஒங்களுக்கு என்ன பயம் அண்ணாச்சி? கறி திங்காத ஆள அவன் எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போவான்?"

எனக்கென்று ஒரு கடை

தமாஷாகச் சொன்னதுதான். ஆனால் பயந்தவனுக்கு எதுவும் சாமி வாக்குதான். நானும் நம்பினேன், கமலாவையும் நம்ப வைத்தேன். ஒரு வியாழக்கிழமை வேய்ன் என் இடத்துக்கு வந்து, நாளை மதியம் நாம் இருவரும் சாப்பிடப் போகலாம் என்றார். எங்கே என்று கேட்டேன். ரிச்சர்ட்சனில் இந்திய ஓட்டல், சுத்த சைவம் என்றார். போன உயிர் திரும்பி வந்தது. உடனே கமலாவுக்குப் போன் போட்டு, பார்பிக்யூ இல்லை, அதனால் அந்த விஷயம் இல்லை, மனு விஷயமாகப் பேசத்தான் இருக்கும் என்றேன். அவள் மறுநாள் காலை என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

வேய்ன் தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தார் போல, நன்றாகச் சாப்பிட்டார். சாம்பாரைக்கூட விடவில்லை. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். எனக்கும் வேலை போயிற்று. மூன்று வருஷமாக நான் வெறும் ரொட்டி தின்றதைப் பார்த்துப் பார்த்து மனசு கஷ்டப்பட்டதாகவும், இன்றைக்காவது எனக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கட்டும் என்று நாலு பேரிடம் விசாரித்து இந்த இடத்தைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். அந்த மனிதரைத் திட்டக்கூட வழியில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்று மணிக்கே அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த கமலா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற டீச்சர் மாதிரி கேட்டாள்: "ஏனுங்க, இண்டியன் ஓட்டல்னுதானுங்களே சொன்னீங்க?"

டல்லாஸ் வட்டாரத்தின் சிறந்த பார்பிக்யூ கடைகளை இன்றும் வரிசையாக ஒப்பிப்பேன், ஆனால் எங்கே கறி நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கே யாருக்கு வேலை போயிற்று என்று கேளுங்கள், சொல்கிறேன்.